கண்ணாடியைக் கழற்றி வச்சுட்டு வா!

மே மாத விடுமுறைக்கு முன்னால் மதுரையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அக்கா, பாப்பாவை ஜிம்னாஸ்டிக்ஸ்ல இருந்து நிறுத்திடலாம்னு பார்க்கறேன். இப்பல்லாம் ரொம்ப பயப்படுறா. மாஸ்டரும் சலிச்சுக்கறார்."

எனக்கு நம்பவே முடியவில்லை. பாப்பாவுக்கு 9 வயது. நடக்கப் பழகியதிலிருந்தே தரையில் இருந்ததைவிட ஜன்னல் கம்பியில் தொங்கிய நேரம்தான் அதிகம். 2 வருடமாக வாரம் 4 நாள் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்குப் பயமா?

விடுமுறைக்குப் போனபோது ஒருநாள் நானும் பயிற்சிக்கூடத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். தரையில் பல்டி அடிக்கும்போது குறையே இல்லை. வால்ட் பக்கம் போனால்தான் சிக்கல். வேகமாக ஓடி வருகிறாள். ஸ்பிரிங் போர்டுக்கு 2 அடி முன்னால் டக்கென்று நின்றுவிடுகிறாள். 3 முறை இதே கதைதான். "என்னம்மா பயம்? தாண்டு!" என்று மாஸ்டர் குரல் கொடுக்கிறார். குழந்தை தலையைக் குனிந்துகொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"பயமா இருக்காடா?"

"பயமில்ல பெரியம்மா. அந்த டேபிள் எப்ப வரும்னே தெரியல. திடீர்னு கிட்ட வந்து நிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் பரிசோதனையில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.5 பவர் என்று தெரிந்து, கண்ணாடி போட்டிருந்தார்கள். பயிற்சியின் முதல் நாளே, கைகளில் தலைகீழாக நின்றபோது கண்ணாடி கழன்று விழுந்திருக்கிறது. "கண்ணாடியைக் கழற்றி வச்சுட்டு வா" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பையில் கண்ணாடி, கூடத்தில் பாப்பா. மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி உடைந்து குழந்தைக்குக் காயம் பட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. ஆனால், கண்ணாடி இல்லாமல் அவளுக்கு என்ன தெரிகிறது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 100-ஐ மைனஸ் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்று கிடைத்துவிடும். மைனஸ் 1 என்றால் 1 மீட்டர். மைனஸ் 2.5 என்றால் வெறும் 40 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கல்தான். தூரம் கூடக் கூட மங்கலும் கூடும்.

வால்ட் ஓடுபாதை 25 மீட்டர் வரை இருக்கும். அதன் மறுமுனையில் இருக்கும் டேபிளும் போர்டும் இவளுக்குக் கலங்கிய உருவமாகத்தான் தெரியும். பேலன்ஸ் பீமின் அகலம் 10 சென்டிமீட்டர்; போட்டிகளில் அது தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதன் மேல் நிற்கும் குழந்தைக்குக் கால் பதிக்கும் விளிம்பே தெளிவில்லை என்றால்? உடம்பு தடுமாறாமல் நிற்க மூளைக்கு 3 இடங்களிலிருந்து சேதி போகிறது: உள்காது, தசைகளும் மூட்டுகளும், பிறகு கண். காற்றில் சுழலும்போது தரை எங்கே இருக்கிறது, எப்போது உடம்பை விரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்த ஒரு நொடிப் பார்வை பெரிய உதவி. அது கிடைக்காத குழந்தை தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்துக்கு நாங்கள் பயம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

"கண்ணாடி போட்டுக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் செய்ய முடியுமா?" என்று தங்கை கேட்டாள். அமெரிக்காவின் மோர்கன் ஹர்ட் 2017-இல் மான்ட்ரியலில் நடந்த உலகப் போட்டியில் ஆல்-அரவுண்ட் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு 16 வயது. வால்ட், பார், பீம், தரை என்று நான்கையும் கண்ணாடி அணிந்தபடியே செய்தார். அந்த வீடியோவைப் பாப்பாவுக்குக் காட்டினேன். 4 முறை பார்த்தாள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். ஸ்டீபன் நெடோரோசிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே பொம்மல் ஹார்ஸில் ஏறி வெண்கலம் வாங்கினார்? உண்மைதான். ஆனால், அவர் போட்டியிடுவது அந்த ஒரே கருவியில். இரண்டு கைகளும் மாறி மாறிக் கருவியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கைகளின் உணர்வே வழிகாட்டும். 25 மீட்டர் ஓடிப் போய்த் தாவ வேண்டிய குழந்தையின் நிலைமை வேறு. அவரைக் காட்டி நம் பிள்ளைகளின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லக் கூடாது.

மறுநாளே கண் மருத்துவரிடம் போனோம். சொட்டு மருந்து போட்டு மறுபடி பவர் பார்த்தார். குழந்தைகளுக்கு இப்படிப் பார்ப்பதுதான் சரியான அளவைக் காட்டும் என்றார். விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் எங்கள் முன்னால் இருக்கும் வழிகளை வரிசையாக விளக்கினார்.

பவர் அரையோ முக்காலோ என்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கண்ணாடி இல்லாமலே சமாளிக்கலாம். பாப்பாவுக்கு அது பொருந்தாது. சோம்பேறிக் கண் உள்ள குழந்தைகள், ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ள குழந்தைகள் ஆகியோர் எந்த விளையாட்டிலும் மருத்துவரைக் கேட்காமல் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. அவர்களுக்கு அது பார்வையோடு சேர்ந்து நல்ல கண்ணுக்குப் பாதுகாப்பும்கூட.

அடுத்தது கான்டாக்ட் லென்ஸ். ஒரு நாள் போட்டுவிட்டு எறிந்துவிடும் வகைதான் குழந்தைகளுக்கு நல்லது. பக்கவாட்டிலும் தெளிவாகத் தெரியும், கழன்று விழும் கவலை குறைவு. 8, 9 வயதுப் பிள்ளைகள்கூடப் பழகிக்கொள்கிறார்கள். ஆனால், ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் முழுக்க வெள்ளைப் பொடி. கை வழுக்காமல் இருக்கப் பூசும் மெக்னீசியம் கார்பனேட். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் எரிச்சல்தான். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 100 ரூபாய் ஆகிவிடுகிறது. பாப்பா இன்னும் டிபன் பாக்ஸையே பள்ளியில் மறந்துவிட்டு வருகிற ரகம். "11, 12 வயசுல பார்க்கலாம்" என்றாள் தங்கை. மருத்துவரும் சரி என்றார்.

இரவில் போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் கழற்றிவிடும் கெட்டியான லென்ஸ் ஒன்றும் இருக்கிறது. கருவிழியின் வளைவைத் தற்காலிகமாக மாற்றுவதால், பகலில் கண்ணாடி இல்லாமலே தெரியும். நிறுத்தினால் பழைய பார்வை திரும்பிவிடும். செலவு அதிகம், சுத்தம் அதைவிட முக்கியம். லேசர் சிகிச்சை இந்த வயதில் பேச்சுக்கே இடமில்லை. 18 வயது முடிந்து, பவர் ஏறாமல் நின்ற பிறகுதான்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது விளையாட்டுக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி.

கடையில் முதலில் எடுத்துக் காட்டியது பந்து விளையாட்டுக்கான பெரிய காகிள்ஸ். கபடி, கிரிக்கெட், ஷட்டில் போல ஜிம்னாஸ்டிக்ஸில் பந்தோ மட்டையோ முழங்கையோ கண்ணில் வந்து இடிப்பதில்லை. இங்கே தேவை வேறு: தலைகீழானாலும் கழலக் கூடாது, கீழே பார்த்தால் மறைக்கக் கூடாது. அந்தக் காகிள்ஸின் தடித்த ஓரம் பக்கவாட்டுப் பார்வையைக் கொஞ்சம் அடைத்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

நாங்கள் பார்த்துப் பார்த்து வாங்கியதில் கற்றுக்கொண்டது இதுதான்:

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். அடிபட்டாலும் லேசில் உடையாது, எடையும் குறைவு. கடையில் "ஃபைபர்" என்று சொன்னால் அதுதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸையும் அப்படித்தான் சொல்வார்கள். பாலிகார்பனேட்டில் கீறல் சீக்கிரம் விழும், அதனால் கீறல் தடுக்கும் பூச்சு அவசியம்.

ஃப்ரேம் வளைந்து கொடுக்கும் நைலான் வகையாக இருந்தால் நல்லது. மூக்கில் உலோகத் திண்டு வேண்டாம். மென்மையான ரப்பர் இருக்கட்டும். லென்ஸின் உயரம் போதுமானதா என்று பாருங்கள். குறுகிய ஃபேஷன் ஃப்ரேம் போட்டால், பீமில் நின்று பாதத்தைப் பார்க்கும்போது கண் ஃப்ரேமுக்குக் கீழே மங்கலில் போய் விழும். முகத்தை வளைத்துக்கொண்டு போகும் ஃப்ரேமில் பவர் அதிகமானால் ஓரத்தில் காட்சி நெளியும்.

பின்னால் எலாஸ்டிக் பட்டை கட்டாயம். அதில் கெட்டியான கொக்கியோ பிளாஸ்டிக் பூட்டோ தலையின் பின்பக்கம் வரக் கூடாது. குட்டிக்கரணம் போடும்போது அதன் மேல்தான் தலை உருளும். பட்டையைப் போனிடெயிலுக்குக் கீழே வருகிற மாதிரி மாட்டினால் நழுவாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடையிலேயே சோதித்துப் பார்ப்பது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாப்பா தலையை உலுக்கினாள், குதித்தாள், குனிந்து கால் விரலைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய்க் கைகளில் தலைகீழாக நின்றாள். கடைக்காரர் பதறிப்போய், "பாப்பா, ஷோகேஸ்மா, பார்த்து!" என்று ஓடி வந்தார். முதல் ஃப்ரேம் நெற்றிக்கு நழுவியது. இரண்டாவது மூக்கை அழுத்தியது. மூன்றாவது அசையவில்லை. அதையே எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் ஒரே ஒரு விதி. பொடி படிந்த லென்ஸை உலர்ந்த துணியாலோ பனியனாலோ தேய்க்கக் கூடாது, கீறல் விழும். தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தைகளின் பவர் சீக்கிரம் மாறும் என்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பவர் மைனஸ் 6-ஐத் தாண்டிய பிள்ளைகள் இது போன்ற விளையாட்டைத் தொடங்கும் முன் விழித்திரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திடீரென மிதப்பது போலவோ சொன்னால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

புதுக் கண்ணாடியோடு போன முதல் நாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. பட்டை தளர்ந்து பாதியில் நழுவியது. வியர்வையில் பனி படர்ந்தது. "கண்ணாடிக்காரி" என்று ஒரு பையன் கூப்பிட்டானாம். இரவு அழுதாள். மறுநாள் பட்டையை இறுக்கினோம். முகம் துடைக்கச் சின்னத் துண்டு கொடுத்தனுப்பினோம். தங்கை மாஸ்டரிடம் போய்க் கணக்கைச் சொன்னாள்: "சார், கண்ணாடி இல்லேன்னா அவளுக்கு 40 சென்டிமீட்டர்தான் தெளிவா தெரியும்." மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "இதை யாருமே எனக்குச் சொல்லலையேம்மா" என்றாராம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் தங்கை வீடியோ அனுப்பினாள். ஓடி வருகிறாள், போர்டில் கால் பதிக்கிறாள், டேபிளில் கை வைத்துத் தாண்டுகிறாள். இறங்கும்போது தடுமாறிப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தவுடன் முதல் வேலையாகக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

தங்கை இன்னொன்றும் சொன்னாள். அதே வாரம் மாஸ்டர் வரிசையில் நின்ற எல்லாக் குழந்தைகளையும் பார்த்து, "உங்கள்ல யாருக்கெல்லாம் கண்ணாடி இருக்கு?" என்று கேட்டாராம். 2 பேர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டு பேரின் கண்ணாடியும் பையில் இருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் திடீரென்று பந்தை விடுகிறான், ஓடப் பயப்படுகிறாள் என்றால், திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு அது எப்படித் தெரியுது?"