"இது வெள்ளைக்காரன் சட்டம்"னு சொல்றவங்களுக்கு…



தன்பாலின இணையர் உரிமை பத்தி ஒரு பதிவு போட்டா போதும், "இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, நமக்கு ஒத்துவராது"ன்னு முதல் கமெண்ட் வந்து விழும். கோபப்படாதீங்க. வரலாற்றைச் சொல்லுங்க.

1989இல் டென்மார்க், உலகிலேயே முதன்முறையாகத் தன்பாலின இணையரைப் பதிவு செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பக்கம் பக்கமா எழுதல. 'திருமணமானவர்களுக்கு உள்ள உரிமை இவர்களுக்கும் உண்டு' என்று சொல்லி, தத்தெடுப்பு போன்ற சிலவற்றை மட்டும் விலக்கி வைத்தார்கள். அதே பாணியில் 1993இல் நார்வே, 1995இல் ஸ்வீடன், 1996இல் ஐஸ்லாந்து. 2001இல் நெதர்லாந்து ஒரு படி மேலே போய் திருமணத்தையே சட்டமாக்கியது. வழிகாட்டிய டென்மார்க்கே அந்த இடத்துக்கு வந்தது 2012இல்தான்!

சரி, ஐரோப்பாவோட நின்னுச்சா? இல்ல.

👉 தென்னாப்பிரிக்கா: நிறவெறி ஆட்சியை வீழ்த்திய மக்கள், 1996 அரசியல் சட்டத்திலேயே பாலின ஈர்ப்பின் பேரால் பாகுபாடு கூடாது என்று எழுதினார்கள். 2005இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்கு ஒரு வருடம் கெடு வைத்தது. 2006இல் சட்டம் வந்தது.

👉 தைவான்: 2017இல் நீதிமன்றம் வைத்த கெடு இரண்டு வருடம். 2019 மே மாதம் சட்டம்.

👉 நேபாளம்: 2023இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. அதே ஆண்டு முதல் பதிவு.

👉 தாய்லாந்து: நாடாளுமன்றமே நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 முதல் அமல்.

இதில் எந்த நாட்டுக்கும் டென்மார்க் உத்தரவு போடல. ஒரு நாடு செஞ்சு காட்டுச்சு, 'வானம் இடிஞ்சு விழல'ன்னு அடுத்த நாடு பார்த்துச்சு, தன் அரசியல் சட்டத்தை வெச்சே முடிவெடுத்துச்சு. அவ்வளவுதான்.

நம்ம நாட்டில்? 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்து, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. இருபது வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்களும் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெறும் நண்பர்கள்தான். ஒருத்தர் உயில் எழுதாம இறந்துட்டா, வாரிசுன்னு நிக்க இன்னொருத்தருக்கு உரிமை இல்ல.

பந்து இப்போ நாடாளுமன்றத்தில் இருக்கு. அங்கே யார் உட்காரணும்னு முடிவு செய்றது நீங்க. ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட இதையும் கேளுங்க. நம்ம கட்சிக்காரங்க வந்தாலும் கேளுங்க!

#சமஉரிமை #சமூகநீதி