கரும்பலகையை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழில் வந்த, திறன் வகுப்பறைகள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் கருவி பழுதானால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். இதயம் பற்றிய காணொளி பாதியில் நின்றால், நான்கு அறைகளையும் பலகையில் வரைந்து, நீலம், சிவப்பு சாக்பீஸால் ரத்த ஓட்டத்தைக் காட்டிவிடலாம். (பிள்ளைகள் நோட்டில் வரைவதும் அதைத்தான்.) எங்கள் பள்ளியிலோ திரையைக் கரும்பலகை மேலேயே மாட்டியிருக்கிறார்கள்! காணொளிகளைப் பார்க்கப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடும் இருக்கிறது. ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் அதனால் பயனில்லை. திரையைப் பக்கச் சுவருக்கு மாற்றி, காணொளிகளைப் பென் டிரைவில் முன்கூட்டியே வழங்கி, ஒன்றியத்துக்கு ஒரு பழுதுநீக்குநரையும் நியமிக்க வேண்டுகிறேன்.

– அறிவியல் ஆசிரியை ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்