'நான்சென்ஸ்' என்றால் பதிலாகிவிடுமா?

பாலக்கோட்டுச் சந்தையில் சற்று நின்று காது கொடுத்தால், ஒருவன் சொல்வதை மற்றவன் நம்பவில்லை என்பதைப் பல பாஷைகளில் கேட்கலாம். தமிழன் 'சும்மா அளக்காதே' என்கின்றான். கன்னடக்காரன் 'புருடெ பிடபேட' என்கின்றான். உருது பேசுகின்றவர் 'பக்வாஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றார். தக்காளி விலை பேசுமிடத்தில் புளுகைப் புளுகு என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. ஆனால், அதே மனிதன் மனுவை எடுத்துக்கொண்டு ஓர் ஆபீசுக்குள் நுழைந்து, மேஜைக்கு அந்தப் புறத்திலிருந்து 'நான்சென்ஸ்' என்று ஒரு வார்த்தை வந்ததும் வாய்பொத்தித் திரும்பிவிடுகின்றானே, இது ஏன் என்று கேட்கின்றோம். அர்த்தம் தெரிந்தா திரும்புகின்றான்? இல்லை. இங்கிலீஷ் என்பதற்காகவே திரும்புகின்றான்.

இம்மாதிரி வார்த்தைகள் அவைகளின் சொந்த ஊரில் யார்மேல் வீசப்பட்டன என்று பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். 1820-ல் அமெரிக்கக் காங்கிரசில் மிஸௌரி விவாதம் நடந்து, அங்கத்தினர்களெல்லாம் ஓட்டெடுக்கும்படி கூச்சலிட்டுக்கொண்டிருக்கையில், பீலிக்ஸ் வாக்கர் என்ற வட கரோலினா பிரதிநிதி, தன் தொகுதியைச் சேர்ந்த பங்க்கம் ஜில்லா ஜனங்களுக்காகப் பேசியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அன்று முதல் ஓட்டர்களை ஏய்க்கப் பேசும் வெறும் பேச்சுக்குப் 'பங்க்கம்' என்றே பெயராகிவிட்டது. நாடகக் கொட்டகையில் கைதட்டல் வாங்கச் செய்யும் தந்திரந்தான் 'கிளாப்டிராப்'. 'ஹோகஸ் போகஸ்' என்பது பாதிரியார் பூசையில் சொல்லும் லத்தீன் மந்திரத்தின் சிதைவு என்று 17-ஆம் நூற்றாண்டில் ஊகித்துச் சொன்னவர் யாரோ நாஸ்திகரல்ல. காண்டர்பரி ஆர்ச்பிஷப்பாயிருந்த டில்லட்சனேதான்! அவ்வூகம் சரியோ தப்போ, சொல் எந்தத் திசையில் பாய்ந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

'பாஷ்' என்பதோ துருக்கிச் சொல். 1834-ல் வந்த மோரியரின் நாவல் ஒன்றினால் இங்கிலீஷில் பரவிற்று. அதன் அர்த்தம் 'காலி' என்பதுதான். கன்னடப் புருடெயும் சுரைக்குடுக்கையே, உள்ளே ஒன்றுமில்லை. பெரியார் ஈ.வெ.ரா. மேடைகளில் சொல்லிச் சொல்லித் தமிழ்நாடெங்கும் பரவிய 'வெங்காயம்' என்பதும், உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லாத அதே சரக்குத்தான். ஆனால் வெங்காயத்தை உரித்துக் காட்ட வேண்டும், தோழர்களே! உரிக்காமலே 'வெங்காயம்' என்று கத்திவிட்டுப் போவதற்குப் பகுத்தறிவு வேண்டியதில்லை, தொண்டை இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறாகப் போன சொல் ஒன்றுமுண்டு. 'மம்போ ஜம்போ' என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் ஆண்கள் தங்கள் பெண்டுகளை மிரட்டி அடக்கக் கட்டிய ஒரு முகமூடி வேஷத்தின் பெயரென்று, 1738-ல் பிரான்சிஸ் மூர் என்ற இங்கிலீஷ்காரர் எழுதி வைத்தார். அந்த வேஷம் கண்டிக்கத்தக்கதுதான், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைக்காரர் என்ன செய்தார்கள்? புரட்டைக் கண்டிக்கவில்லை, கறுப்பு மனிதன் வாய்திறந்து சொன்னதற்கெல்லாம் அப்பெயரையே வைத்துவிட்டார்கள். அவன் சொன்னதை ஆராய வேண்டிய வேலை அதோடு தீர்ந்துபோயிற்று.

ஆபீஸ் மேஜையிலிருந்து வரும் 'நான்சென்ஸ்' இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். அது பொய்யைத் தள்ளுவதில்லை, ஆளைத் தள்ளுகின்றது. பட்டாவில் பெயர் தப்பாயிருக்கின்றது என்பவனிடம், எங்கே, எப்படி என்று கேட்டால் வேலை இருக்கின்றது; 'நான்சென்ஸ்' என்றால் வேலை இல்லை. இன்னும் சில படித்த வாலிபர்கள், கிராமத்தில் தகப்பனார் கேட்கும் கேள்விக்கும் இதே பதிலைச் சொல்லி அதைப் பகுத்தறிவென்றும் எண்ணிக்கொள்ளுகின்றார்கள்.

நிற்க. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் 7-வது பிரிவின் 8-வது உட்பிரிவு என்று ஒன்றிருக்கின்றது. தகவல் கேட்டவனுக்கு மறுப்பதானால், மறுப்புக்குக் காரணம் என்ன, எத்தனை நாளைக்குள் அப்பீல் செய்யலாம், யாரிடம் செய்யலாம் என்ற மூன்றையும் அவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றது. ஆகவே மேஜைக்கு முன்னால் நிற்கின்றவர்கள், மனுவின் கதி என்ன என்று அச்சட்டப்படி எழுதிக் கேட்கட்டும். 'நான்சென்ஸ்' என்பதை அவ்வதிகாரி காரணமென்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகின்றாரா, பார்ப்போம்.