நின்ற இடமும் எண்திசையும்

நுழையும்முன்

கோவில், குகை, கோட்டை என எந்த இடத்தையும் திறன்பேசித் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும் காலம் இது. நேரில் செல்லாமலே சென்றதுபோன்ற உணர்வைத் தருகிறது சுற்றுக்காட்சி ஒளிப்படம். இந்த ஆற்றலை நாம் எங்கே பயன்படுத்த வேண்டும்? எங்கே அதனிடம் ஏமாந்துவிடக் கூடாது? தஞ்சைப் பெரிய கோவிலை முன்னிறுத்தி இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது.

கால் நுழையாத இடம்

தஞ்சைப் பெரிய கோவிலுக்குச் சென்று வந்தவர்கள் விமானத்தின் உயரத்தையும் நந்தியின் பெருமையையும் திருச்சுற்றின் பரப்பையும் வியந்து பேசுவார்கள். ஆனால், அக்கோவிலின் அரிய செல்வம் ஒன்றை அவர்களுள் பெரும்பாலோர் கண்டிருக்கமாட்டார்கள். கருவறையைச் சுற்றி இரு சுவர்களுக்கு இடையே ஒரு குறுகிய உள்வழி அமைந்துள்ளது. அதன் சுவர்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர்காலக் கலைஞர் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. முதிய அந்தணராக வந்த சிவபெருமான் ஓலை காட்டிச் சுந்தரரிடம் வழக்குரைக்கும் காட்சி, சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குச் செல்லும் காட்சி, முப்புரம் எரிக்கச் சிவபெருமான் தேரேறி நிற்கும் காட்சி முதலியன அங்கே இருக்கின்றன. இவற்றின்மீது நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டமையால், சோழர் ஓவியங்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து உலகிற்கு உரைத்தார். உள்வழியின் மேல்தளத்திலோ 108 ஆடற்கரணங்களுள் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சியவற்றுக்கான கற்கள் உளி படாமலே நிற்கின்றன.

இந்த உள்வழி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. அங்கே ஓவியத்தை முழுமையாகப் பார்க்கப் பின்னோக்கி நகர்ந்தால் முதுகு எதிர்ச்சுவரில் உரசும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே நடந்தால், அவர்கள் மூச்சின் ஈரமும் உடலின் வெம்மையும் கையின் தீண்டலும் ஓவியங்களைச் சிதைத்துவிடும். திறந்தால் ஓவியம் அழியும். மூடினால் மக்கள் காண இயலாது. இவ்விரு இழப்புகளுக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்துவைப்பதே சுற்றுக்காட்சி ஒளிப்படத்தின் தலையாய பணி என்பது என் கருத்து.

படம் உருவாகும் முறை

சாதாரண ஒளிப்படத்திற்கு ஓரம் உண்டு. அந்த ஓரத்திற்கு உள்ளே எது வரவேண்டும் என்பதை எடுப்பவரே முடிவு செய்கிறார். சுற்றுக்காட்சி ஒளிப்படத்திற்கு ஓரம் இல்லை. முக்காலியின்மீது ஒளிப்படக்கருவியைப் பொருத்தி, வில்லையின் குறிப்பிட்ட ஒரு புள்ளியை அச்சாகக் கொண்டு அதனைச் சுழற்றிப் பல படங்கள் எடுக்கின்றனர். அப்புள்ளி சற்று விலகினாலும் அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள சுவரும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் ஒரு பகுதியைத் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். அப்பொதுப்பகுதிகளை அடையாளம் கண்டு கணினி மென்பொருள் படங்களை ஒன்றாகத் தைக்கிறது. இருளும் ஒளியும் கலந்த இடமாயின், ஒரே கோணத்தை வெவ்வேறு ஒளியளவில் பலமுறை எடுத்து இணைக்கின்றனர்.

இவ்வாறு கிடைப்பது ஒரு கோளத்தின் உட்பரப்புப் போன்ற படம். உலக உருண்டையை வரைபடமாக விரிப்பதுபோல, அதனை உயரத்தைப்போல் இருமடங்கு அகலமுள்ள செவ்வகமாக விரித்துச் சேமிக்கின்றனர். நாம் விரலால் திரையை நகர்த்தும்போது அக்கோளத்தின் நடுவே நின்று தலையைத் திருப்புகிறோம். மேலே நோக்கினால் விதானம். கீழே நோக்கினால் தரை. எதை, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்கிறார். இதுவே இக்கலையின் சிறப்பு. இதன் மயக்கமும் இங்கேதான் தொடங்குகிறது.

முழுமை என்னும் மயக்கம்

எண்திசையையும் ஒரே காட்சியாக்கும் ஆசை ஒளிப்படக்கலைக்கும் மூத்தது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் பார்வையாளரைச் சூழ்ந்து நிற்கும் வட்டவடிவப் பேரோவிய முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். 'எல்லாம்', 'காட்சி' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்துப் 'பனோரமா' என்னும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. 1793இல் இலண்டனில் இதற்கெனவே வட்டவடிவ மாளிகை ஒன்று எழுந்தது.

1799ஆம் ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மறு ஆண்டே அப்போர்க்காட்சி நூறு அடிக்கும் மிகுந்த நீளமுடைய வளைந்த ஓவியமாக இலண்டனில் காட்சிக்கு வந்தது. வரைந்தவர் இராபர்ட் கெர் போர்ட்டர். அவர் இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர். மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். போர்க்களத்தின் நடுவே நின்றதாக உணர்ந்தனர். உண்மையில் அவர்கள் நின்றது வென்றவர்களின் பக்கத்தில். கோட்டைக்குள் இருந்தோரின் கண்களுக்குத் தெரிந்த போர் அந்த ஓவியத்தில் இல்லை.

ஒளிப்படக்கருவி கற்பனையாக வரைவதில்லை என்பது உண்மையே. ஆயினும், எண்திசையையும் காட்டும் படம்கூட ஓரிடத்தில் நின்றே அவற்றைக் காட்டுகிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருக்கிறார். திசையை நாம் தேர்கிறோம். நிலையை அவர் தேர்கிறார்.

பெரிய கோவிலின் முற்றத்து நடுவில் முக்காலியை நிறுத்தினால் விமானம் கம்பீரமாகத் தோன்றும். ஆனால், அக்கோவிலின் சுவர்களில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டு எழுத்துகள் வெறும் கீறல்களாகவே தெரியும். முதலாம் இராசராசன் அக்கோவிலில் அமர்த்திய நானூறு ஆடல் மகளிரின் பெயர்களையும் அவர்கள் குடியிருந்த தெருக்களையும் கல்வெட்டு குறித்துள்ளது. மன்னன் எழுப்பிய விமானம் திரையை நிறைக்கிறது. அம்மகளிரின் பெயர்களுள் ஒன்றைக்கூட அத்திரையில் படிக்க முடிவதில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்னும் நிறைவோடு நாம் கருவியை அணைத்துவிடுகிறோம். இந்த நிறைவுதான் ஆபத்தானது.

மற்றொன்றும் கருதத்தக்கது. படம் தெளிவாக அமைய வேண்டும் என்பதற்காக, ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில் எடுப்பது வழக்கம். விளக்கேற்றுவோரும் நிழலில் இளைப்பாறுவோரும் ஓடியாடும் குழந்தைகளும் இல்லாத கோவில் திரையில் விரிகிறது. வழிபாட்டில் உள்ள கோவில் அருங்காட்சியகப் பொருளாகிவிடுகிறது.

மறுப்பும் விடையும்

"திரையிலேயே பார்த்துவிட்டால் நேரில் யார் செல்வார்?" என்று சிலர் கேட்கின்றனர். நேரில் செல்ல இயலாதவர்களை இக்கேள்வி மறந்துவிடுகிறது. உயரமான வாயிற்படியைச் சக்கர நாற்காலியில் கடக்க இயலாதவர், முதுமையால் மலைக்குகைக்கு ஏற இயலாதவர், பயணச் செலவிற்குப் பணமில்லாத மாணவர் ஆகியோருக்கு இப்படம் மாற்று அன்று, ஒரே வாயில்.

சில இடங்களில் எவருமே செல்லாதிருப்பதே நல்லது. பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940இல் கண்டறியப்பட்டன. 1948இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் விளக்கொளியும் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த ஓவியங்களுக்குத் தீங்கு செய்தமையால் 1963இல் குகை மூடப்பட்டது. இன்று மக்கள் காண்பது அதன் படிகளையே. மூலம் வாழவேண்டுமெனில் படியைக் காண்பதே முறை என்பதை அந்நாடு ஏற்றுக்கொண்டது.

பதிவு என்னும் வகையிலும் இதன் பயன் பெரிது. பாரிசு நகரின் நோத்ரதாம் பேராலயத்தின் கூரையும் கூர்கோபுரமும் 2019 ஏப்ரலில் தீக்கிரையாயின. கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அப்பேராலயத்தை லேசர் கருவியால் அளந்து, சுற்றுக்காட்சிப் படங்களையும் எடுத்து இணைத்து வைத்திருந்தார். தீ விபத்தைக் காண அவர் உயிரோடில்லை. ஆனால், அவருடைய பதிவுகள் மீட்டெடுக்கும் பணிக்குத் துணைநின்றன. பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. சுற்றுக்காட்சிப் படம் தோற்றத்தைத் தரும், அளவைத் தராது. அளவீட்டோடு இணையும்போதே அது முழுமையான ஆவணமாகும் என்பதும் இங்கு அறியத்தக்கது.

நாம் கோர வேண்டியவை

சுற்றுலா விளம்பரத்திற்காக, எளிதில் செல்லக்கூடிய இடங்களையே மீண்டும் மீண்டும் படமெடுப்பதில் பெரும்பயன் இல்லை. கால் நுழைய முடியாத இடத்திற்கும் விரைவில் அழியக்கூடிய இடத்திற்கும் முதலிடம் தரவேண்டும். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நாளும் நின்ற இடமும் குறிக்கப்பட வேண்டும். கல்வெட்டின் வாசகமும் ஓவியத்தின் கதையும் அறிஞர்களால் தமிழில் விளக்கப்பட வேண்டும். பொதுச்செல்வத்தின் படங்கள் பொதுமக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும்.

இவற்றோடு பாதுகாப்பும் வேண்டும். 1995இல் ஆப்பிள் நிறுவனம் கணினியில் சுழற்றிப் பார்க்கும் காட்சிகளுக்கென ஒரு வடிவத்தை அறிமுகம் செய்தது. அன்று அவ்வடிவத்தில் உருவாக்கிய கோப்புகளை இன்றைய கணினிகளில் எளிதில் திறக்க இயலாது. சோழர் ஓவியம் ஆயிரம் ஆண்டு நின்றது. மின்னணுப் படமோ முப்பது ஆண்டு நிற்கவும் திணறுகிறது. படமெடுத்துவிட்டோம், இனி மூலம் சிதைந்தாலும் கவலையில்லை என்று எண்ணுவது பேதைமை.

மாணவர்களே! ஒரு தொன்மையான இடத்தைத் திரையில் காணும்போது எல்லாப் பக்கமும் சுழற்றிப் பாருங்கள். பிறகு, 'இதனை எடுத்தவர் எங்கே நின்றார்? அங்கிருந்து எது தெரியவில்லை?' என்று கேளுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது நேரில் செல்லுங்கள். முற்றத்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். சுவரருகே சென்று, குனிந்து, ஒரு பெயரையேனும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வாருங்கள்.