பாட்டியையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்க!



முழுப்பரீட்சை முடிந்து, புத்தகப் பை பரண் மேல் ஏறியிருக்கும். லீவு விட்ட முதல் 2 நாள் ஜாலியாகப் போயிருக்கும். 3ம் நாள் மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், 'அம்மா... போரடிக்குது!' என்று ஆரம்பித்திருப்பீர்களே!

பாவம், அம்மா என்ன செய்வார்? வேலை அவசரத்தில் டிவியைப் போட்டுவிடுவார். இல்லையென்றால் மொபைல் போனைக் கையில் கொடுத்துவிடுவார். வீடு அமைதியாகிவிடும். அம்மாவைக் குறை சொல்லக் கூடாது. உங்களுக்குத்தான் லீவு, அவருக்கு ஏது லீவு?

'மொபைலைத் தொடாதே' என்று நானும் பாட்டுப் பாடப் போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது புளித்திருக்கும். ஆனால், ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மொபைலில் இருக்கும் ஆட்டத்தை எங்கோ இருக்கும் யாரோ செய்து வைத்திருக்கின்றனர். எப்போது ஜெயிக்க வேண்டும், எப்போது தோற்க வேண்டும் என்பதைக்கூட அவர்களே முடிவு செய்து வைத்திருப்பர். நீங்கள் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். 'போங்காட்டம் ஆடாதே!' என்று சண்டை போடக்கூட எதிரே ஆள் இருப்பதில்லை. சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் ஆடுவதில் உள்ள ருசி அதில் வருமா?

சரி, அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்கிறீர்களா?

உங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் போரடிக்கிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நீங்கள் பள்ளிக்கும், அப்பா, அம்மா வேலைக்கும் போன பிறகு, நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கும் தாத்தா, பாட்டியைத்தான் சொல்கிறேன். அவர்களிடம் போய், 'நீங்க சின்ன வயசுல லீவுக்கு என்ன விளையாடுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே!

பெரும்பாலும் முதலில் வருவது பல்லாங்குழியாகத்தான் இருக்கும். பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 விதை வீதம் போட்டால், 70 விதை வேண்டும். பலகை இல்லையா? தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போடுங்கள். விதைக்குப் புளியங்கொட்டை போதும். ஒரு குழியில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும், அடுத்த குழியை அள்ளிக்கொண்டு தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் 4 விதை சேர்ந்தால், அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொள்வார். இதில் எத்தனை கணக்கு இருக்கிறது பார்த்தீர்களா? கணக்கு வகுப்பில் விரலை மடக்கி எண்ணுபவர்கள்கூட, இதில் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவர்!

தாத்தாவிடம் ஆடுபுலி ஆட்டம் கேளுங்கள். 3 புலி, 15 ஆடு. ஆட்டைத் தாண்டிக் குதித்தால் புலி அதை வெட்டிவிடும். ஆடுகளால் புலியை வெட்ட முடியாது. ஆனால், ஒன்றையொன்று ஒட்டி நின்று, புலி நகர இடமில்லாமல் அடைத்துவிடலாம். 3 புலியும் மாட்டிக்கொண்டால் ஆடுகளுக்கு வெற்றி. இந்த ஆட்டத்துக்கான கோடுகளைப் பழைய கோவில் மண்டபங்களின் கல் தரையில் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். அடுத்த முறை கோவிலுக்குப் போகும்போது தேடிப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கற்கும் ஆட்டம் எதற்கு உதவும் என்று நினைக்காதீர்கள். விஸ்வநாதன் ஆனந்துக்கு 6 வயதில் செஸ் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? அவருடைய அம்மா சுசீலாதான். அந்தச் சிறுவன் 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2000ல் உலக சாம்பியன் ஆனார். எல்லாரும் சாம்பியனாக வேண்டும் என்பதில்லை. அம்மாவோடு உட்கார்ந்து ஆடிய சந்தோஷம் எல்லாருக்குமே கிடைக்குமே!

இங்கே ஒரு முக்கியமான விஷயம். செஸ்ஸுக்கு விதிப் புத்தகம் உண்டு. உங்கள் பாட்டி ஊர் ஆட்டத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரு ஊரில் 'பாண்டி' என்பதை, இன்னொரு ஊரில் 'சில்லு' என்பர். தாயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு விதி. அடுத்த தெருவில் வேறு விதி. ஐந்தாங்கல் ஆடும்போது சொல்கிற வரிகள்கூட ஊருக்கு ஊர் மாறும். அவை எல்லாம் அச்சில் இல்லை. பெரியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. நாம் கேட்காமல் விட்டுவிட்டால், அவர்களோடு அவையும் போய்விடும். பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதனால், இந்த லீவுக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். பயப்படாதீர்கள், வீட்டுப்பாடம் இல்லை! பழைய நோட்டில் எழுதாத பக்கங்கள் இருக்குமே, அதை எடுங்கள். ஆட்டத்தின் பெயர், எத்தனை பேர் ஆடலாம், என்னென்ன பொருள் வேண்டும், விதி என்ன, யார் சொன்னது, அவருக்கு எந்த ஊர்... எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்திலேயே கட்டத்தை வரையுங்கள். பாட்டி வேறு ஊரில் இருக்கிறாரா? இதற்கு மொபைலை எடுங்கள், நானே சொல்கிறேன்! வீட்டில் பெரியவர்கள் இல்லை என்றால், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். லீவு முடிவதற்குள் 5 ஆட்டம் சேர்த்தாலே, நீங்கள் பெரிய ஆள்தான்.

ஆடும்போது யாரையும் ஒதுக்காதீர்கள். தெருவில் ஓடியாட முடியாத பிள்ளை ஒருவர் இருந்தால், உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தை எடுங்கள். பார்வை இல்லாதவர்கூடப் பல்லாங்குழியை விரலால் தடவிப் பார்த்தே ஆடலாம்.

உச்சி வெயில் நேரத்தில், அதாவது 12 மணியிலிருந்து 3 மணி வரை, வீட்டுக்குள் ஆடும் ஆட்டங்கள்தான். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், தண்ணீர், மோர் என்று குடித்துக்கொண்டே இருங்கள். வெயில் தாழ்ந்ததும், கிளித்தட்டு, கண்ணாமூச்சி என்று தெருவில் இறங்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிணறு, குளம், ஆறு, கல்குவாரிப் பள்ளம் எதிலும், நீச்சல் தெரிந்த பெரியவர் உடன் இல்லாமல் இறங்கவே கூடாது. ஒவ்வொரு கோடையிலும், குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பாத செய்தியைப் படித்து மனம் பதறுகிறது. நண்பன் தண்ணீரில் தத்தளித்தால், நீங்களும் குதிக்காதீர்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கரையில் நின்றபடி கயிறு, கம்பு, துண்டு எதையாவது நீட்டுங்கள். பல்லாங்குழியில் தோற்றால், அடுத்த ஆட்டம் உண்டு. தண்ணீரில் அது கிடையாது, கண்ணுகளா!

பள்ளி திறந்ததும், 'லீவுல என்ன செய்தாய்?' என்று டீச்சர் கேட்பார். 'டிவி பார்த்தேன்' என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்லும்போது, நீங்கள் அந்த நோட்டை எடுத்து நீட்டுங்கள். இடைவேளையில் உங்களைச் சுற்றி எத்தனை பேர் கூடுகின்றனர் என்று பாருங்கள்!

என்ன குட்டீஸ், புளியங்கொட்டை எங்கே இருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டாச்சா?