சோற்று மரத்தைச் சாய்த்து யாருக்குச் சோறு?

இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் பிரபோவோ சுபியாந்தோ அவர்களுக்கு,

2024 அக்டோபரில், தாங்கள் பதவியேற்கச் சில நாள் இருக்கையில், தெற்குப் பப்புவாவின் மெராவ்கே மாவட்டத்து மக்கள் ஜகார்த்தாவுக்கு வந்து பாதுகாப்பு அமைச்சகத்தின் வாசலில் நின்றார்கள். அப்போது அந்தத் துறைக்குத் தாங்களே அமைச்சர். எங்கள் காட்டுக்குள் பொக்லைன்கள் இறங்கிவிட்டன, எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முறையிட்டார்கள். அங்கு வாழும் மரிந்த் பழங்குடி மக்கள் தங்கள் காடுகளில் சிவப்புச் சிலுவைகளை நட்டும் மறுப்பைச் சொல்லிவிட்டார்கள். எதற்கும் பலன் இல்லை. அதனால்தான் இந்த மடல் ஊரறிய எழுதப்படுகிறது.

மரபுக் காடு அந்த மரபு மக்களுக்கே உரியது என்று தங்கள் நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது தாங்கள் அறியாததல்ல. சட்டம் இருக்கட்டும். மெராவ்கேயில் வானாம் என்ற ஒரே ஊரைப் பார்த்தால் போதும்.

2024 ஆகஸ்டில் அந்தக் கடலோர ஊரில் ராணுவக் காவலோடு பொக்லைன்கள் வந்து இறங்கின. சீனாவிலிருந்து வாங்கத் திட்டமிட்ட 2,000 பொக்லைன்களில் அவை முதல் தவணை. நெல் வயலுக்காகவும் 135 கிலோமீட்டர் சாலைக்காகவும் காடு திறக்கப்பட்டது. மெராவ்கேயில் நெல்லுக்கும் கரும்புக்கும் குறித்திருக்கும் பரப்பு மொத்தம் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நவம்பர் 3 அன்று தாங்களே வானாமுக்குப் போய் வயலைப் பார்வையிட்டீர்கள். நாட்டுக்கு உணவு வேண்டும் என்பது காரணம்.

அந்தக் காட்டில் உணவு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் சாகுப் பனை.

சாகு சதுப்பு நிலத்தில் தானாக வளரும். 10 முதல் 15 ஆண்டுகளில் ஒரே ஒரு முறை பூத்துப் பட்டுப்போகும். பாளை தள்ளுவதற்குச் சற்று முன்புதான் தண்டில் மாவு நிறைந்திருக்கும். உச்சிக் குருத்தின் போக்கைப் பார்த்தே எந்த மரம் பக்குவம் என்று மரிந்த் மக்கள் சொல்லிவிடுவார்கள். வெட்டிய தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கொத்தி, மட்டையையே தொட்டியாக்கி நீர் விட்டுப் பிசைந்து வடிப்பார்கள். அடியில் படிவது மாவு. நன்கு முற்றிய ஒரு மரம் 150 முதல் 300 கிலோ வரை தரும். ஓலை கூரைக்கு ஆகும். விட்டுவைத்த தண்டில் கொழுத்த புழுக்கள் விளையும், அவையும் உணவு. மாவோடு தேங்காய்த் துருவலும் இறைச்சியும் சேர்த்துச் சூடான கற்களில் வேகவைக்கும் ‘சாகு செப்’ விருந்து நாளின் பண்டம். தாய்மரம் போனாலும் தூரைச் சுற்றிக் கன்றுகள் எழும்புவதால் யாரும் மறுநடவு செய்ய வேண்டியதில்லை. உரமும் கடனும் தேவையில்லை. மரிந்த் மக்களில் மஹுசே குலத்தாருக்கு சாகுதான் குலக்குறி; அதை அவர்கள் உறவாகவே எண்ணுகிறார்கள்.

நம் பாயசத்து ஜவ்வரிசி இன்று சேலத்து மரவள்ளி மாவில் உருள்கிறது. அந்தப் பண்டம் முதலில் இந்தப் பனையின் மாவில்தான் பிறந்தது.

2024 டிசம்பர் 30 அன்று ஜகார்த்தாவில் அதிகாரிகள் முன் தாங்கள் பேசியதை உலகம் கேட்டது. எண்ணெய்ப் பனையும் மரந்தான், அதற்கும் இலை இருக்கிறது, காடழிப்பு என்று அஞ்ச வேண்டாம் என்றீர்கள். நாட்டின் தலைவர் பேசுகிற பேச்சா இது? எண்ணெய்ப் பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது நிற்கும் தோட்டத்தில் மானும் காசோவரிப் பறவையும் மேயாது. சுமார் 25 ஆண்டில் அடியோடு பிடுங்கிப் புதிதாக நட வேண்டும். சாகுத் தோப்போ பாட்டன் வெட்டிய இடத்தில் பேரனுக்கும் சோறு போடும். இரண்டுக்கும் இலை இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இத்தகைய உணவுத் திட்டங்களின் பழைய கணக்கும் இருக்கிறது. மத்திய காலிமந்தானில் சுகார்த்தோ அரசு 10 லட்சம் ஹெக்டேர் கரிச் சதுப்பில் நெல் விளைவிக்கப் போய், வாய்க்கால் வெட்டி நிலத்தை உலர்த்தியது. 1997இல் அது தீயாய் எரிந்தது. அதே மாகாணத்தின் கூனுங் மாஸில் தாங்கள் அமைச்சராக இருந்த பாதுகாப்பு அமைச்சகமே காட்டை வெட்டி மரவள்ளி நட்டது, அது விளையவில்லை. மெராவ்கேயிலும் 2010இல் உலகுக்கே சோறு போடுவோம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் காட்டை இழந்த ஊர்களில் குழந்தைகள் ஊட்டக்குறைவால் இறந்த செய்திகள் வந்தன. இவ்வளவும் தெரிந்த பிறகும் பொக்லைனை அனுப்பியிருக்கிறீர்கள். இதை அறியாமை என்று மன்னிக்க முடியாது.

இயந்திரங்களை நிறுத்துங்கள். ராணுவத்தைத் திரும்ப அழையுங்கள். வானாம் மக்களை உட்காரவைத்து அவர்கள் மொழியில் கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள்.