வீட்டிற்கு வரும் மடல் தமிழில் வரட்டும்!

சூன் திங்களில் பள்ளிகள் திறந்தவுடன், திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியும், சின்னாளப்பட்டி நெசவாளியும், நிலக்கோட்டையில் மல்லிகை பறிக்கும் தாயும் தத்தம் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கின்றனர். சேர்த்தது ஆங்கிலவழித் தனியார் பள்ளியாயின், சில நாள்களிலேயே பிள்ளையின் பையில் ஒரு சுற்றறிக்கை வருகின்றது, முழுதும் ஆங்கிலம்! கட்டணம் செலுத்தும் நாள், பெற்றோர் கூட்டம், தடுப்பூசி என எல்லாம் அதில் உண்டு. தாய்க்கோ ஒன்றும் விளங்குவதில்லை. கையொப்பம் மட்டும் இடுகின்றாள். தான் பெற்ற பிள்ளையைப் பற்றிய செய்திக்கு அடுத்த வீட்டாரை நாடி நிற்பது எத்துணை இழிநிலை!

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் அமையும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். பாதிப்பேர் பெண்டிராதல் வேண்டும். உதவிபெறாத் தனியார் பள்ளிக்கோ அக்கடப்பாடு இல்லை. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பிள்ளைக்குத் தமிழைப் பாடமாக்கிற்று. பள்ளி பெற்றோரிடம் தமிழில் பேசவேண்டும் என்று அது கூறவில்லை. வகுப்பிலே தமிழ் ஒரு பாடம்; வாயிலிலே தமிழுக்கு இடமில்லை! இம்முரணைக் காணும் பிள்ளை, தாயின் மொழியை எங்ஙனம் மதிக்கும்?

குறை பள்ளியினிடத்து மட்டுமன்று. ஆங்கில மடலைப் பெருமையெனக் கருதி, புரியவில்லை எனச் சொல்ல நாணும் பெற்றோரும் இதற்குப் பொறுப்பாவர். நாணவேண்டியவர் அவரல்லர், தமிழ்மண்ணில் தமிழருக்குப் புரியாதவாறு எழுதுவோரே!

பெற்றோரே, கேளுங்கள்: "தமிழில் எழுதித் தருக, படித்தபின் கையொப்பம் இடுவோம்!" ஒருவர் கேட்டால் மறுப்பர், ஊரே கேட்டால் எழுதுவர்.